பாண்டி பஜாரில் ஹாயாக நடக்கலாம்... மற்ற கடைவீதிகளுக்கு விடிவு எப்போது?

சென்னை,

தி.நகர் என்றாலே கூட்டம்தான். தீபாவளி, பொங்கல் நேரம்னா கேட்கவே வேண்டாம். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் குழந்தை, முதுகுக்கு பின்னால் ஆட்டோ ஹாரன் என்று நடுரோட்டில் நடந்துதான் தீர வேண்டும். இந்த அவஸ்தையை கொஞ்சமாவது குறைத்துக் காட்டியது பாண்டி பஜார் நடைபாதை வளாகம்.

இந்த வீதியின் முறையான பெயர் தியாகராய சாலை. நீதிக்கட்சி தலைவர் சர் பிட்டி தியாகராயர் நினைவாக வைத்த பெயர். சவுந்தரபாண்டியனார் அங்காடி என்பதே மக்கள் வாயில் சுருங்கி பாண்டி பஜார் ஆனது என்பார்கள்.

என்ன செய்தார்கள்?

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாயில் உருவான இந்த வளாகத்தை, 2019 நவம்பரில் அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். வண்டி போகும் பாதையை குறுக்கி, நடைபாதையை அகலமாக்கினார்கள். உட்கார பெஞ்ச் போட்டார்கள். வண்டி ஏறாமல் இருக்க குட்டைத் தூண்கள் நட்டார்கள். கார், பைக்குகளுக்கு தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது.

வியாபாரம் படுக்குமா?

"கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் இல்லைன்னா யார் வருவாங்க?" இது எந்த ஊர் கடைக்காரரும் கேட்கும் கேள்வி. ஆனால் காரில் போகிறவர் கண்ணில் படுவது போர்டு மட்டும்தான். நடந்து போகிறவர் கண்ணில் பொம்மை மேல் உள்ள சுடிதாரும் படும், விலை சீட்டும் படும். நின்று பார்ப்பார், உள்ளே நுழைவார். உட்கார இடம் இருந்தால் வயசானவர்களும் கூட வருவார்கள்.

பஸ், ரெயிலில் வருபவர்களுக்காக 2023 மே மாதம் மாம்பலம் ரெயில் நிலையத்தில் இருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் மேலேயே நடந்து பஸ் பிடிக்கலாம். லிப்ட், எஸ்கலேட்டரும் உண்டு.

தள்ளுவண்டிக்காரர் எங்கே போவார்?

கடைவீதிக்கு களை தருவதே பூக்காரம்மாவும், வளையல், கர்சீப் விற்பவர்களும்தான். பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் 2013-ல் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். மாடி ஏறி யார் வருவார்கள் என்று அப்போது பலர் புலம்பினார்கள். வழியில் போகிறவரை நம்பித்தானே அவர்கள் பிழைப்பு?

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் காலி செய்யக்கூடாது என்றும் அந்த சட்டம் சொல்கிறது.

கோடிக்கணக்கில் கொட்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உடையாத நடைபாதை, நிழலுக்கு மரம், சுத்தமான கழிப்பறை, வியாபாரிக்கு கோடு போட்ட இடம், நடைபாதையில் ஏறும் பைக்குக்கு அபராதம். இந்த ஐந்தும் இருந்தால் எந்த ஊர் கடைவீதியும் களைகட்டும். உங்கள் ஊர் கடைவீதியில் இதில் எத்தனை இருக்கிறது? வார்டு கவுன்சிலரை பார்த்தால் மறக்காமல் கேளுங்கள்.