கலங்களைக் கரையும் விளக்கு

வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணிக்கு அடுத்த நிலையப் பலகை ‘கலங்கரை விளக்கம்’. அங்கே இறங்குகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் சொல்வதோ ‘லைட் ஹவுஸ்’. மெரினாவின் தென்கோடியில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கோபுரத்துக்கு இரண்டும் பெயர்தான். ஆனாலும் தமிழ்ச் சொல்லுக்குள் ஒரு குரல் இருக்கிறது.

கலம் என்றால் கப்பல். கரை என்றதும் கடற்கரையே மனதில் வருவதால், கப்பல் வந்து சேரும் கரையில் உள்ள விளக்கு என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இது. கூவி அழைப்பது. புகாரின் இரவு விளக்குகளைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. பழைய உரையும் கலத்தை அழைக்கிற விளக்கு என்றே விளக்குகிறது.

இன்னும் வலுவான சான்று பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அது. நீர்ப்பெயற்று என்ற துறையில் வானத்துக்கு முட்டுக்கொடுத்தது போல ஒரு மாடம். கூரை வேயாதது. ஏணி சாத்தியிருந்தும் ஏறுவதற்கு அரியது. இரவில் அதன் உச்சியில் எரியும் தீக்கொள்ளி, ஓடும் கலங்களைக் ‘கரையும்’ என்கிறார் புலவர். வினையாகவே நிற்கிறது சொல்.

நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரம்தான் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் கிளம்பினால் மாலைக்குள் பார்த்துத் திரும்பிவிடக்கூடிய ஊர். அங்கே மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பாறை உச்சியில், பல்லவர் கால ஒலக்கண்ணேசுவரர் கோயில் இருக்கிறது. மேல்விமானம் போய்விட்டது, சுவரில் கயிலையைப் பெயர்க்கும் இராவணனைக் கடற்காற்று அரித்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் கப்பல்களுக்கு விளக்கேற்றியது இந்தக் கோயிலின் கூரைமேல்தான். பிறகுதான் பக்கத்திலேயே வட்டமான கல் கோபுரம் எழுந்தது. ஒரே பாறையில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிகிற இந்த இடத்தை, கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுகிறார்கள்.

சென்னையின் விளக்கு மூன்று முறை இடம் மாறியது. 1796இல் கோட்டைக்குள், 1844இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தின் கல்தூணில், 1894இல் அந்த நீதிமன்றத்தின் கோபுரத்தில், 1977இலிருந்து மெரினாவில். கலங்கரை விளக்கத்தை யாழ்ப்பாணத்தில் ‘வெளிச்சவீடு’ என்கிறார்கள். பருத்தித்துறை வெளிச்சவீடு அங்கே பெயர்பெற்றது.

மெரினா கோபுரத்தில் மின்தூக்கி இருக்கிறது. மேலிருந்து தெற்கே பார்த்தால் சாந்தோம் தேவாலயம், தென்மேற்கே கபாலீசுவரர் கோபுரம். மாமல்லபுரத்தில் படியேறித்தான் போக வேண்டும், பாறை சுடும். பெரியவர்களை அழைத்துப் போனால் வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள்.