சாமுராய் ஹகாமாவும் சாந்தோம் கோடுகளும்

கியோட்டோவில் கிதானோ தென்மாங்கு என்று ஒரு கோயில். மாசாமாசம் 25ஆம் தேதி அங்கே சந்தை கூடும். பழைய பீங்கான், பொம்மை, ஓடாத கடிகாரம், இதுக்கெல்லாம் நடுவுல பழைய கிமோனோக்களைக் குவியல் குவியலாக் கொட்டி வச்சிருப்பாங்க. நான் போனது ஒரு ஹகாமா வாங்க.

ஹகாமா என்பது சாமுராய் படங்களில் நாம் பார்க்கும் அந்த அகலமான கால்சட்டை. இடுப்பில் நாடாவால் கட்டுவது. முன்னால் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்புகள் இருக்கும். குரோசவா படங்களைப் பார்த்துக் கெட்டுப்போனவன் நான். கருப்பில் ஒரு ஹகாமா வேணும்னு ரொம்ப நாள் ஆசை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டேன். கடைக்கார அம்மா கருப்பைத் தேடவே இல்லை. குவியலுக்கு அடியிலிருந்து ஒரு பருத்தி ஹகாமாவை உருவி எடுத்துக் காட்டினார். கருநீலத் துணி. அதில் மேலிருந்து கீழாக, நூல் கனத்தில், சிவப்பும் வெளிர்நீலமுமாகக் கோடுகள். "தோஸான்" என்றார். கைலித் துணி மாதிரி இருக்கேன்னு எனக்கு ஒரு சலிப்பு. இருந்தாலும் 3,000 யென்தானே, வாங்கிட்டேன்.

அறைக்கு வந்து அந்தத் "தோஸான்" என்றால் என்ன என்று தேடத் தொடங்கினேன். தேடல் மயிலாப்பூரில் வந்து முடிந்தது. அந்தக் கதைதான் இது.

அதற்கு முன்னால் சாமுராய் உடை என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். "சாமுராய் உடை" என்று இணையத்தில் விற்கிற கருப்பு ஹகாமா, வெள்ளை மேல்சட்டை ஜோடியில், அந்த மேல்சட்டைக்கு வயது நூறு சொச்சம்தான். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் பள்ளியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பயிற்சிச் சட்டையின் வாரிசு அது. அந்த ஜோடி பயிற்சிக்கூடத்து உடை. எடோ காலத்துச் சாமுராய் யாராவது அதைப் பார்த்தால் அடையாளம் தெரியாமல் முழிப்பார்.

எடோ காலம் என்பது 1603 முதல் 1868 வரை. அதில் பெரும்பகுதி போரே இல்லாத காலம். வாள் இடுப்பில் இருந்தது, வேலை காகிதத்தோடு இருந்தது. சாமுராய்கள் அரிசியில் சம்பளம் வாங்கிய அதிகாரிகள், கணக்கர்கள், காவலர்கள். கீழ்மட்டத்தில் இருந்தவர்கள் சம்பளம் போதாமல் வீட்டில் குடை செய்து விற்றதும் உண்டு. அவர்களுடைய அலுவலக உடைக்குப் பெயர் கமிஷிமோ. உள்ளே கிமோனோ, கீழே ஹகாமா, மேலே கதகினு என்கிற கையில்லாத அங்கி. இந்தக் கதகினுவின் தோள் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிந்து நிற்கும். அப்படி விறைப்பாக நிற்க உள்ளே திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகட்டை வைத்துத் தைப்பார்கள்.

துணியிலும் விதிகள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும். கிட்டப் போனால் கடுகு கடுகாகப் புள்ளிகள். கொமோன் என்று அதற்குப் பெயர். பெரிய பிரபுக் குடும்பங்கள் தங்களுக்கென்று தனிப் புள்ளி வடிவம் வைத்திருந்தன. கிஷூ தோகுகாவா குடும்பத்துக்குச் சுறாத்தோல் மாதிரியான புள்ளி. மத்தவங்க அதைப் போடக்கூடாது.

ஆனால் இதெல்லாம் கோட்டைக்குப் போகும்போது. அன்றாடத்துக்குக் கிமோனோ, ஹகாமா, மேலே ஹவோரி என்கிற குட்டையான அங்கி. இங்கேதான் ரசனைக்கு இடம் இருந்தது. செண்டாய் ஊரில் நெய்த பட்டு ஹகாமாவுக்குப் பேர்போனது. பருத்தியில் கொகுரா ஊர்த் துணி கெட்டியானது, கோடு போட்டது. இவற்றோடு மூன்றாவதாகக் கப்பலில் வந்த ஒரு கோடு போட்ட துணியும் இருந்தது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

வாங்க நினைப்பவர்களுக்காக ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ஹகாமாவில் இரண்டு வகை. நடுவில் கால் பிரிந்திருந்தால் உமானோரி, அதாவது குதிரை ஏறுபவருக்கானது. பிரியாமல் பாவாடை மாதிரி இருந்தால் அந்தோன். காகித விளக்கின் பெயர் அது. பழைய சாமான் சந்தையில் அந்தோனும் கிடைக்கும். சாமுராய் ஆசையில் போகிறவர்கள் கையை உள்ளே விட்டுக் கால் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

அடுத்தது அளவு. இதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லத்தான் வேணும். ஹகாமா நீளத்தைப் பழைய முறையில் ஷாகு கணக்கில் எழுதியிருப்பார்கள். ஒரு ஷாகு 30.3 சென்டிமீட்டர் என்று எங்கோ படித்து வைத்திருந்தேன். முன்பட்டையிலிருந்து கீழ்விளிம்பு வரை எனக்கு 90 சென்டிமீட்டராவது வேணும். இணையத்தில் பார்த்ததெல்லாம் 2 ஷாகு 3, 2 ஷாகு 4 என்றே இருந்தது. கணக்குப் போட்டால் 73 சென்டிமீட்டர். எல்லாம் சின்னப் பசங்க அளவு போலன்னு நல்ல நல்ல ஹகாமாக்களை விட்டுட்டேன். பிறகுதான் தெரிந்தது, 30.3 என்பது தச்சருடைய ஷாகு. துணிக்கு வேறு ஷாகு, 37.9 சென்டிமீட்டர். அதற்குத் திமிங்கில ஷாகு என்றே பெயர். முன்னொரு காலத்தில் அளவுகோலையும் திமிங்கிலத் தகட்டில்தான் செய்தார்களாம். அந்தக் கணக்கில் 2 ஷாகு 4 என்பது சரியாக 91 சென்டிமீட்டர். விட்டதெல்லாம் எனக்குப் பொருந்தியிருக்கும்.

கட்டும்போது ஒரே ஒரு விதியை மறக்கக்கூடாது. உள்ளே போடும் கிமோனோவில் இடதுபக்கம் மேலே வரவேண்டும். வலதுபக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது. முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு, ஆக ஏழு கொசுவமும் ஏழு அறங்களைக் குறிக்கும் என்று பயிற்சிக்கூடங்களில் சொல்லித் தருவார்கள். அந்த ஏழு எவை என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வரும். நான் அதைப் பிற்காலக் கதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போ தோஸானுக்கு வருவோம். "தோ" என்பது சீனத்தைக் குறிக்கும் எழுத்து. வெளிநாட்டுச் சரக்கு எதுக்கும் முன்னால் அதைப் போடுவார்கள், நம்ம ஊரில் "சீமை" போடுவது மாதிரி. "ஸான்" என்பது ஒரு சொல்லின் முதல் துண்டு. முழுச்சொல் சாந்தோமே. ஜப்பானிய அகராதிகள் ஒளிக்காமல் சொல்கின்றன: இந்தியாவின் கிழக்குக் கரையில் உள்ள சாந்தோமேயிலிருந்து வந்த கோடு போட்ட பருத்தித் துணி, சாந்தோமே-ஜிமா. நம்ம சாந்தோம்தான்! சீமைச் சாந்தோம் என்பதுதான் சுருங்கித் தோஸான் ஆகியிருக்கிறது.

ஊர்ப்பெயர் துணிக்கு ஒட்டிக்கொள்வது புதுசில்லை. கோழிக்கோட்டிலிருந்து காலிகோ வந்தது. நீம் நகரிலிருந்து டெனிம் வந்தது. போர்ச்சுகீசியர்கள் 1520களில் மயிலாப்பூரில் குடியேறி, தோமையாரின் பெயரில் சாவோ தோமே என்று அந்த இடத்தை அழைத்தார்கள். 1571 முதல் அவர்களுடைய கப்பல்கள் நாகசாகிக்கு வந்துபோயின. 1639இல் ஜப்பான் அவர்களைத் துரத்தியது. 1662இல் கோல்கொண்டாப் படை சாந்தோமையும் அவர்களிடமிருந்து பிடித்தது. பெயர் வைத்தவர்கள் இரண்டு முனையிலும் காலி. பெயர் மட்டும் துணியோடு நின்றுவிட்டது.

துணியை அதற்குப் பிறகு கொண்டுபோனது டச்சுக் கம்பெனி. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் முதலில் பழவேற்காடு, 1613இல் அங்கே கோட்டை கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறினார்கள். இன்னொரு முனையில், 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவுக்குள் அடைபட்டிருந்தார்கள். ஜப்பானோடு வணிகம் செய்ய ஐரோப்பியர்களில் அனுமதி அவர்களுக்கு மட்டுமே. நம் கரையில் கைக்கோளர், தேவாங்கர், சாலியர் என்று நெசவுச் சமூகங்கள் நெய்த துணி பட்டாவியா வழியாக அந்தத் தீவில் இறங்கியது.

அந்தத் துணியில் அப்படி என்ன விசேஷம்? நூல்தான். மெல்லிய பருத்தி நூலை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாவு ஓட்டி, நெருக்கமாக நெய்து, கட்டையால் அடித்து மெருகேற்றிய துணி பட்டு மாதிரி மின்னும். ஜப்பானில் பருத்தி விளைச்சல் பரவியதே 16ஆம் நூற்றாண்டில்தான். அவ்வளவு மெல்லிய நூல் அங்கே கிடையாது. நகரத்து வணிகர்கள் பட்டு உடுத்த அரசு தடைமேல் தடை போட்ட காலம் வேறு. பருத்தியாகவும் இருக்கணும், பட்டு மாதிரியும் இருக்கணும். பகட்டாத் தெரியக்கூடாது, விலை மட்டும் தெரிஞ்சவங்களுக்குத் தெரியணும். சாந்தோமே இதுக்கெல்லாம் பொருந்தியது. வணிகர்கள் கிமோனோவாகவும் ஹவோரியாகவும் போட்டார்கள், சாமுராய்கள் ஹகாமா தைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்த இன்னொரு சொல் ஷிமா. கோட்டுக்கு ஜப்பானிய மொழியில் இன்று அதுதான் சொல். தீவுக்கும் ஷிமாதான். தெற்குத் தீவுகள் வழியாகக் கப்பலில் வந்த துணி என்பதால் தீவுச் சரக்கு என்று சொல்லப்போய், அதுவே கோட்டுக்குப் பெயராகிவிட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அதற்கு முன் கோட்டுக்கு அங்கே சூஜி என்று வேறு சொல் இருந்தது.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் சாமுராய் உடம்பில் கப்பல் சரக்கு எங்கேயும் இருக்கிறது. வாளின் பிடியில் சுற்றிய திருக்கை மீன் தோல் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. மழைக்குப் போட்ட கப்பா போர்ச்சுகீசியச் சொல். உள்ளாடையான ஜுபானும் அப்படியே. தோயோதோமி ஹிதேயோஷி போர்க்களத்தில் அணியும் மேலங்கியாகத் தைத்துக்கொண்டது ஒரு பாரசீகப் பட்டு விரிப்பை. விலங்குகளும் பறவைகளும் நெய்த அந்த அங்கி கியோட்டோவின் கோதாய்ஜி கோயிலில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

என் ஹகாமா சாந்தோமில் நெய்ததா? கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லிடணும். எடோ காலத்திலேயே கியோட்டோவில் சாந்தோமேயின் நகல்களை நெய்தார்கள். 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்ததும் இங்கிலாந்து ஆலைநூல் வந்து இறங்கியது. மெல்லிய நூல் கையில் கிடைத்ததும் எடோவுக்கு வடக்கே கவாகோஎ வட்டாரத்தில் தோஸானைத் தறியில் ஏற்றினார்கள். கவாதோ என்று அதுக்குப் பேரே வந்துவிட்டது. என்னுடையது அந்த வழியில் வந்த துணியாகத்தான் இருக்கும்.

இதில் என்னை உறுத்திய இடம் ஒன்று உண்டு. நம் கரை நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுத்தது இங்கிலாந்து ஆலைகள். அதே ஆலைகளின் நூலில், உலகத்தின் இன்னொரு மூலையில், அதே நெசவாளர்களின் கோடுகளை, அவர்கள் ஊர்ப்பெயரின் துண்டோடு நெய்தார்கள். துறைமுகத்தின் பெயர் தங்கியது. நெய்தவர்களின் பெயர் அந்தத் துணியில் எங்கேயும் இல்லை.

சாமுராய் உடையின் கதையும் அந்தச் சமயத்தில்தான் முடிகிறது. 1871இல் குடுமியை எடுக்கவும் வாளைக் கழற்றவும் அனுமதி வந்தது. 1872இல் அரசு விழாக்களுக்கு மேற்கத்திய உடை என்று ஆணை. 1876இல் வாள் தடை. கமிஷிமோ பெட்டிக்குள் போனது. ஹகாமா மட்டும் பிழைத்தது. மாணவர்கள், ஆசிரியர்கள், பெண்கள் பள்ளிகள், வாள் பயிற்சிக்கூடங்கள் என்று இடம் மாறி மாறி உயிரோடு இருக்கிறது. பட்டமளிப்பு விழாவில் ஜப்பானியப் பெண்கள் இன்றும் ஹகாமா கட்டி வருகிறார்கள். தோஸான் நெசவும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. சிபா மாகாணத்தின் ததேயாமாவில் ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் செடிச்சாயம் போட்டு நெய்து வருகிறது. மாகாண அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ஜப்பானோடு ரத்த உறவு ஏதும் இல்லாத நான் இதைக் கட்டலாமா? 2015இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் மோனேயின் ஓவியம் ஒன்றுக்கு முன்னால் பார்வையாளர்கள் கிமோனோ போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தது. எதிர்ப்பு வந்தது. போட்டுப் பார்ப்பதை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டுக் கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண்களே வந்து நின்றார்கள். ரெண்டு தரப்பு வாதத்தையும் படித்தேன். முழுத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: கட்டுவது என்னவென்று தெரிந்து கட்டணும். "அசல் சாமுராய்" என்று மார்தட்டக்கூடாது. அப்படிச் சுத்தமான ஒன்று அந்தச் சாமுராய்களிடமே இருந்ததில்லை.

முதல்தடவை வீட்டில் கட்டிப் பார்த்தபோது அரைமணி நேரம் ஆச்சு. நாலு நாடாவில் எது முன்னால், எது பின்னால் என்று ரெண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் மிஃபுனே தெரியவில்லை. கோடு போட்ட துணி கட்டிய ஒரு தமிழன்தான் தெரிந்தான். சந்தையில் கைலி மாதிரி இருக்கேன்னு சலிச்சுக்கிட்டேனே, அந்தக் கண் பொய் சொல்லலை. இப்போ குளிர்ந்த தண்ணீரில் அலசி, கொசுவம் கலையாமல் மடிச்சு அலமாரியில் வச்சிருக்கேன். பக்கத்துத் தட்டில் அப்பாவோட பழைய கைலி ஒண்ணு இருக்கு. ரெண்டும் கோடு போட்டதுதான்.