மலட்டு மாத்திரையும் கருத்தடை மாத்திரையும்

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகம் தாக்கப்பட்டது. சிங்கள வாடிக்கையாளர்களின் உணவில் 'வந்த பெத்தி' கலக்கப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. உணவகத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூட்டம் சூழ்ந்து மிரட்டிப் பெற்ற 'ஒப்புதல்' காணொளியாகக் கைத்தொலைபேசிகளில் பரவியது. நகரப் பள்ளிவாசலும் சேதமாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்த உணவை ஆராய்ந்தபோது அதில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. அந்த அறிக்கை வெளிவருவதற்குள் கண்டி மாவட்டத்தின் திகனையும் எரிந்துவிட்டது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கடலோரமாக நீளும் ஊர்களுக்கு அம்பாறைதான் மாவட்டத் தலைநகர். கச்சேரி அலுவலாக அங்கு செல்லாத குடும்பம் குறைவு. ஆகவே இந்தச் செய்தி இவ்வூர்களில் அச்சத்தோடு கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டு குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவர்மீது, ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்ற பழி சுமத்தப்பட்டது. அதற்கும் ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

இந்த அரசியலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நீண்டகாலம் செய்திமேசையில் இருந்தவன் என்ற முறையில் என்னை உறுத்தியது ஒரு சொல். சிங்களத்தில் 'வந்த' என்றால் மலடு. ஆனால் நமது தமிழ்ச் செய்திகள் பலவற்றில் அது 'கருத்தடை மாத்திரை' என்றே வந்தது. மலட்டு மாத்திரை என்பது இல்லாத ஒரு பொருள். ஒரு தடவை விழுங்கினால் எவரையும் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் கிடையாது. கருத்தடை மாத்திரையோ உண்மையான மருந்து. அதற்கு உண்மையான பயன்களும் உண்மையான பக்க விளைவுகளும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததன் விளைவு, பொய்யான அச்சம் உண்மையான கேள்விகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான்.

கூட்டு மாத்திரை எனப்படுவதில் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டோஜன் என்னும் இருவகை ஹோர்மோன்கள் உள்ளன. நாள்தோறும் உட்கொண்டால் சூல்முட்டை வெளியேறுவது தடைப்படும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களுக்குள் கருவுறும் ஆற்றல் திரும்பிவிடும். 28 மாத்திரைகள் கொண்ட அட்டைகள் பலவற்றில் இறுதி 7 மாத்திரைகளில் ஹோர்மோனே இல்லை. இவ்வளவு தெரிந்திருந்தாலே கொத்துரொட்டிக் கதை நின்றிருக்க முடியாது.

ஆனால் இந்த மாத்திரை பிறந்தபோதே பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 1956இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களிடம் அது பரீட்சிக்கப்பட்டது. தாம் ஓர் ஆய்வில் பங்குகொள்கிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அங்கு பொறுப்பாக இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 வீதமான பெண்களுக்குக் குமட்டல், தலைச்சுற்று, தலைவலி போன்றவை ஏற்பட்டதைப் பதிவுசெய்து, பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதல்ல என்று எச்சரித்தார். மாத்திரையை உருவாக்கிய கிரிகரி பிங்கஸ் அவற்றில் பெரும்பகுதி மனப்பிரமை என்று தள்ளினார். 1960இல் 'எனோவிட்' என்ற பெயரில் கருத்தடைக்கென அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. ஆரம்ப மாத்திரையில் 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனோல் என்னும் ஈஸ்ட்ரஜன் இருந்தது.

1961இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதி வைத்தியர் ஜோர்டன், இம்மாத்திரையை உட்கொண்ட பெண் ஒருவருக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி ஏற்பட்டதை 'லான்செற்' இதழுக்கு எழுதினார். 1968இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அத்தொடர்பை எண்களால் நிறுவினர். மறு ஆண்டே ஈஸ்ட்ரஜன் அளவு 50 மைக்ரோகிராமுக்கு மேற்படாத மாத்திரைகளையே எழுதுமாறு அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு வைத்தியர்களுக்குப் பரிந்துரைத்தது. 1970இல் அமெரிக்க செனற்றர் கேலோர்ட் நெல்சன் நடத்திய விசாரணையில், மாத்திரை உட்கொண்ட ஒரு பெண்ணேனும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. பார்வையாளர் பகுதியில் இருந்த பெண்கள் எழுந்து குரல் கொடுத்தனர். அதன் பின்னரே பக்க விளைவுகளைச் சொல்லும் துண்டுப்பிரசுரம் மாத்திரைப் பெட்டிக்குள் வந்தது. இன்று பரவலாக உள்ள மாத்திரைகளில் ஈஸ்ட்ரஜன் 30 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கிறது. கேள்வி கேட்ட பெண்களுக்கு இந்தக் குறைப்பில் பெரும் பங்குண்டு.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. குடும்பத்திட்டச் சங்கம் 1953இல் தொடங்கப்பட்டது. 1960களில் வாய்வழி மாத்திரைகள் பற்றிய உள்ளூர் ஆய்வுகளில் முன்னின்றவர் டாக்டர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் வைத்தியர். 1965இல் குடும்பத்திட்டம் அரசின் தாய் சேய் நலச் சேவையோடு இணைக்கப்பட்டது. சிங்களத்தில் தோழி என்று பொருள்படும் 'மிதுரி' பின்னர் கடைகளுக்கு வந்தது.

கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் திருமணமான மகள் தாயின் வளவிலோ அருகிலோ வாழ்வது மரபு. எனவே மாத்திரை பற்றிய ஆலோசனை முதலில் உம்மாவிடமிருந்தும் ராத்தாவிடமிருந்தும்தான் வருகிறது. மருத்துவமாதுவின் முறை அதற்குப் பிறகு. மார்க்கம் அனுமதிக்கிறதா என்ற கேள்வியும் எழும். தற்காலிகத் தடுப்பு பற்றிய விவாதம் இஸ்லாத்தில் மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் அதை விரிவாக ஆராய்ந்து, அக்காலத்து முறையான 'அஸ்ல்' தடைசெய்யப்பட்டதல்ல என்ற முடிவுக்கு வந்தவர். தற்காலிகத் தடுப்பையும் நிரந்தர மலட்டையும் அறிஞர்கள் வேறுபடுத்தியே பார்த்துள்ளனர். 2018இல் தெருவில் அழிக்கப்பட்டது இந்த வேறுபாடுதான்.

அப்படியானால் உண்மையான ஆபத்து எவ்வளவு? மாத்திரை உட்கொள்ளாத, கருவுறாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பேருக்கு நாளங்களில் இரத்தக்கட்டி ஏற்படுகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் கலந்த கூட்டு மாத்திரையை உட்கொள்வோரில் இது 5 முதல் 7 வரை. ட்ரொஸ்பிரெனோன் போன்ற சில புதிய வகைகளில் 9 முதல் 12 வரை. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் ஆபத்து இவற்றைவிட அதிகம். 1995இல் பிரித்தானியாவில் சில மாத்திரைகள் ஆபத்தை 'இருமடங்காக்கும்' என்று அறிவிக்கப்பட்டதும் பலர் பயந்து நிறுத்தினர். மறு ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. எதன் இருமடங்கு என்று சொல்லாத செய்தியும் தீங்கு செய்யும்.

குமட்டல், மார்பில் நோவு, இடையிடையே இரத்தக்கசிவு போன்றவை பெரும்பாலும் முதல் 3 மாதங்களில் அடங்கிவிடும். மார்பகப் புற்றுநோய் அபாயம் உட்கொள்ளும் காலத்தில் சிறிதளவு கூடுகிறது. சூலகம், கருப்பை உட்சுவர் ஆகியவற்றின் புற்றுநோய் அபாயம் குறைகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் மின்னல்கோடுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், முன்னர் இரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், 35 வயதைக் கடந்து புகைப்பவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. பாலூட்டும் தாய்மாருக்கு முதல் 6 மாதங்களில் வேறு முறைகளே பொருத்தம். காசநோய்க்கான ரிஃபம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் மாத்திரையின் பயனைக் குறைக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென மூச்சுத்திணறினால், நெஞ்சு வலித்தால், பார்வை மங்கினால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ரமழானிலும் உம்ராப் பயணத்திலும் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கும் பெண்கள் உள்ளனர். இதற்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் நோரெதிஸ்தெரோன் கூட்டு மாத்திரை அல்ல. அந்த அளவில் கருத்தடையாகவும் அதை நம்ப முடியாது. எனினும் அதன் ஒரு சிறு பகுதி உடலில் ஈஸ்ட்ரஜனாக மாறுகிறது. நீண்ட விமானப் பயணமும் சேரும்போது, இரத்தக்கட்டி வரலாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

இவை எவையும் இரகசியங்கள் அல்ல. கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்து, நான்கு கேள்விகள் கேட்டால் தீர்பவை. அந்த நான்கு கேள்விகளையும் கேட்கும் துணிவுதான் 2018இன் வதந்திக்குப் பிறகு மேலும் தேவைப்படுகிறது. மாத்திரை என்ற சொல்லை உச்சரிக்கவே ஒரு சமூகம் கூசினால், இழப்பு அச்சமூகத்தின் பெண்களுக்கே. நம் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மலடு என்பதை மலடு என்றும், கருத்தடை என்பதைக் கருத்தடை என்றும் எழுதுங்கள்.