கசப்பெண்ணெயும் கல்கத்தாச் சோப்பும்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் தவறாது இடம்பெற்ற பொருள்கள் சில உண்டு. புளி, வடகம், அப்பளம், சீயக்காய்த் தூள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றோடு ஒட்டாமல், பழந்துணி சுற்றிய சிறு புட்டி ஒன்று தனியே ஒரு மூலையில் இருக்கும். அதுதான் வேப்பெண்ணெய்ப் புட்டி. ஹௌரா நிலையத்தில் இறங்குவதற்குள் அது கசிந்துவிட்டால், அருகிலிருந்த பட்டுச் சேலைக்கு அன்றோடு வாழ்வு முடிந்தது. எத்தனை முறை வெளுத்தாலும் அந்த நெடி போவதில்லை.

ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழம் உதிரும். அதைப் பொறுக்கி, சதையை நீக்கி, கொட்டையை உலர்த்திச் செக்கில் இட்டு ஆட்டுவர். பருப்பின் எடையில் 100க்கு ஏறத்தாழ 40 பங்கு எண்ணெய் உண்டு. சொறி, சிரங்கு, சேற்றுப்புண் இவற்றுக்கு மேற்பூச்சாகவும், மாட்டின் புண்ணில் ஈ மொய்க்காமல் இருக்கவும் அது பயன்பட்டது. தலையில் பேன் மிகுந்த சிறுமியரை வெள்ளிக்கிழமைக்கு முந்தைய இரவில் பிடித்து உட்கார வைத்து, தேங்காயெண்ணெயில் கலந்த வேப்பெண்ணெயை மயிர்க்கால்களில் படியத் தேய்த்து, துணியால் கட்டிவிடுவார்கள். மறுநாள் ஈர்வலியால் வாரி, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். பேன் ஒழிந்தது என்னவோ உண்மை. ஆனால் அந்தச் சிறுமியின் பக்கத்தில் பள்ளியில் இரண்டு நாள் எவரும் அமர மாட்டார்.

வங்காளிகளுக்கும் வேம்பு புதிதன்று. வேனிற்காலம் தொடங்கும்போது இளந்தளிரைக் கத்தரிக்காயோடு வறுத்துச் சோற்றின் முதற்கவளத்தில் உண்பது அவர்கள் வழக்கம். சித்திரைப் பிறப்பன்று நாம் வேப்பம்பூப் பச்சடி வைப்பதற்கு இது தொலைவான உறவினன் எனலாம். ஹூக்ளிக் கரையிலுள்ள நிம்தலா என்னும் இடத்தின் பெயருக்கே ‘வேம்பின் அடி’ என்றுதான் பொருள். 1941ஆம் ஆண்டில் மகாகவி தாகூரின் உடல் எரியூட்டப்பட்டது அங்கேதான்.

இந்நகரில்தான் வேப்பெண்ணெய் தன் நெடியை மறைத்துக்கொண்டு நாகரிக உருப்பெற்றது. அந்த வரலாறு 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினையிலிருந்து தொடங்குகிறது. அயல்நாட்டுப் பொருள்களை விலக்குவதாகச் சூளுரைப்பது எளிது. விலக்கிய பொருளுக்கு மாற்றுப் பொருள் வேண்டுமே! தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் 1906இல் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே கேள்விக்கு விடையாகத்தான். வங்கத்தில் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் அதற்கு முன்னரே, 1901இல், வங்காள இரசாயனத் தொழிற்சாலையை நிறுவியிருந்தார். அந்நாளில் வங்க இளைஞர் பலர் தொழிற்கல்வி நாடி ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறினர். அவ்வாறு சென்றவருள் ஒருவர் ககேந்திர சந்திர தாஸ். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று திரும்பிய அவர், ஆர். என். சென், பி. என். மைத்ரா என்னும் இருவரோடு சேர்ந்து 1916ஆம் ஆண்டில் கல்கத்தா கெமிக்கல் கம்பெனியைத் தொடங்கினார். 1920இல் வெளிவந்தது அதன் பச்சை நிற மார்கோ சோப்பு. வேம்பின் பெயரால் பற்பசையும் அதே கம்பெனியிலிருந்து வந்தது.

மார்கோ என்பது ‘மார்கோசா’ என்ற சொல்லின் குறுக்கம். கசப்பு என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்து, ஆங்கிலேயர் நாவில் வேம்பின் பெயராக நிலைத்தது அது. அலுவலகத்தில் ஒருமுறை என் மேசைக்கு வந்த குறிப்பொன்றில் ‘நீம்’ என்றும் ‘மார்கோசா’ என்றும் அடுத்தடுத்து இருந்தது. இரண்டுக்கும் ‘வேம்பு’ என்றே எழுதினேன். ஒரே சொல் இருமுறை வந்துவிட்டது என்று தட்டச்சர் ஒன்றை அடித்துவிட்டார். அவர் செய்தது சரியென்றே இன்றும் எண்ணுகிறேன்.

கம்பெனியின் இருப்பிடம் பாலிகஞ்சைச் சேர்ந்த பண்டிதியா வீதி. தென்கல்கத்தாவில் தமிழர் குடியேறிய லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து நடந்தே போகலாம். ஊரிலிருந்து எண்ணெயைப் புட்டியில் சுமந்து வந்த குடும்பத்தார், அதே எண்ணெய் சோப்பாக மாறிய இடத்துக்குச் சற்றுத் தொலைவிலேதான் குடியிருந்தனர். பிற்காலத்தில் கம்பெனி கைமாறியது. சோப்பின் பெயர் ஹென்கெல் நிறுவனத்திடம் சென்று, 2011இல் ஜோதி லேபரட்டரீஸ் வசம் வந்தது. சோப்பு இன்றும் விற்பனையில் உள்ளது.

வேப்பெண்ணெயின் நெடிக்குக் காரணம் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். நறுமணம் கூட்டி அதை அடக்கியதுதான் சோப்பின் வெற்றி. ஆனால் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். எண்ணெயோடு காரம் சேரும்போது அது கிளிசரினாகவும் சோப்பாகவும் பிரிகிறது. எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. அழுக்கு நீக்கும் பணியைச் சோப்புச் செய்யும். பாட்டி இரவெல்லாம் ஊறவைத்த எண்ணெயின் பணியை, தேய்த்த மறுநொடியே கழுவிவிடும் கட்டியிடம் எதிர்பார்ப்பது முறையன்று. ஒரே மரத்தின் பெயரைத் தாங்கினாலும் அவை இரு வேறு பொருள்கள்.

கசப்பின் கூறுகளை ஆராயும் பணியும் நம் நாட்டிலேயே தொடங்கிற்று. சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் வேதியியலறிஞர் 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய பொருள்களைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார். பூச்சிகளை உண்ணவும் வளரவும் விடாமல் தடுக்கும் அசாடிராக்டின் 1968இல் இங்கிலாந்தில் பிரிக்கப்பட்டது. பேனுக்கு எதிராகப் பாட்டியர் நெடுங்காலமாகக் கையாண்ட எண்ணெயில் அத்தகைய பொருள் இருந்தது என்பது அதன் பின்னரே தெரிந்தது.

நேயர்களே, பாட்டியரின் பழக்கம் அனைத்தும் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது. வேப்பெண்ணெயைக் குழந்தைக்குச் சங்கில் புகட்டும் பழக்கமும் நம்மிடையே இருந்தது. கடல்கடந்த நம்மவர் அதையும் உடன்கொண்டு சென்றனர். மலேசியாவில் சளி முதலிய சிறு உபாதைகளுக்காக இவ்வெண்ணெய் ஊட்டப்பட்ட கைக்குழந்தைகள், வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டன. 1981ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவர்கள் லான்செட் என்னும் மருத்துவ இதழில் அதை எழுதினர். கல்லீரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் நஞ்சாக அது அப்பிஞ்சு உடல்களில் வேலை செய்திருந்தது. எண்ணெய் ஊட்டிய கைகள் அன்பு மிகுந்த கைகள்தாம். அருகில் கேட்டறிய மூத்தோர் இல்லாத அயலூரில், நினைவில் நின்றதைச் செய்தார்கள். கருவுற்ற பெண்களும் இதை உட்கொள்ளலாகாது. மேலுக்குத் தடவுவதாயினும், முதலில் முன்கையில் சிறிது தடவி ஒருநாள் பார்த்த பின்னர், வேறு எண்ணெயில் கலந்தே தடவுவது நன்று.

எங்கள் வீட்டில் புட்டி இன்றும் இருக்கிறது. குளியலறையின் மேல்தட்டில், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாருக்காகத் தமிழிலும், வீட்டுவேலைக்கு வரும் அம்மையாருக்காக வங்காளத்திலும், ‘மேலுக்கு மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.