ஜாக், ஓபோ, அப்புறம் நாம போடப்போற டிக்கெட்

ரெண்டு வாரமா வீட்டுல ஒரே பேச்சு. "அப்பா, லீவுக்கு டால்பின் பாக்கப் போலாம்ப்பா." மகளுக்கு எட்டு வயசு. நைட் டியூட்டி முடிச்சு வந்து படுத்தாலும் விடுறதில்லை. சரி, போறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிப்போம்னு உட்கார்ந்தேன். அது என்னை நியூசிலாந்துல கொண்டுபோய் விட்டுச்சு.

குடும்பத்தோட படகுல போய் டால்பின் பார்க்கணும்னு ஆசை இருக்கா? இந்த இழையைக் கடைசி வரை படிச்சிட்டு டிக்கெட் போடுங்க.

முதல் கதை, ஜாக்.

வருஷம் 1888. நியூசிலாந்தின் தெற்குத் தீவு, அதன் வடக்கு முனை. வெலிங்டனுக்கும் நெல்சனுக்கும் இடையே ஓடும் நீராவிக் கப்பல்கள் பிரெஞ்ச் பாஸ் என்ற குறுகலான ஜலசந்தியைக் கடந்து போகும். அந்தப் பக்கத்துக் கடலில் ஒரு டால்பின் கப்பல்களோடு சேர்ந்து நீந்த ஆரம்பிச்சது. சுமார் 4 மீட்டர் நீளம், வெளிறிய உடம்பு. ரிஸ்ஸோ டால்பின் என்ற வகை. மக்கள் வைத்த பெயர் பெலோரஸ் ஜாக்.

கப்பல் சத்தம் கேட்டா வந்துடும். உடம்பை ஒட்டி உரசும், முன்பக்கம் எழும்பும் அலையில் சறுக்கி விளையாடும், கொஞ்ச தூரம் கூடவே வந்துட்டுப் பிரிஞ்சு போயிடும். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, 24 வருஷம்!

"ஆபத்தான ஜலசந்தியில கப்பலுக்கு வழி காட்டுச்சு"ன்னு ஒரு வாட்ஸ்அப் கதை சுத்துது. அது சரியில்லை. ஜாக் ஜலசந்திக்குள்ளே போகாது, வெளியிலேயே நின்னுடும். அது வந்தது விளையாடத்தான்.

ஒரு கப்பலில் இருந்து யாரோ ஜாக்கைத் துப்பாக்கியால் சுட முயன்றதா பேச்சு கிளம்புச்சு. ஜனங்க கொதிச்சுட்டாங்க. 1904 செப்டம்பரில் அரசு ஒரு ஆணை போட்டுச்சு. அந்தக் கடல் பகுதியில் ரிஸ்ஸோ டால்பினைப் பிடித்தால் 100 பவுண்டு வரை அபராதம். ஆணையில் இருந்தது இனத்தின் பெயர்தான். ஆனா யாருக்காகப் போட்டதுன்னு ஊருக்கே தெரியும். 1912-க்கு அப்புறம் ஜாக்கை யாரும் பார்க்கலை.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கப்பல் தன் பாதையில தன் வேலையைப் பார்த்துட்டுப் போச்சு. யாரும் ஜாக்கைத் துரத்தலை. வர்றதும் போறதும் அதோட இஷ்டம்.

ரெண்டாவது கதை, ஓபோ.

1955. வடக்குத் தீவில் ஹோகியாங்கா துறைமுகத்தை ஒட்டி ஓபோனோனி என்ற குட்டி ஊர். ஒரு இளம் பெண் டால்பின் மீன்பிடிப் படகுகளோடு சிநேகமாகி, அப்படியே கரைக்கு வர ஆரம்பிச்சது. பந்து போட்டா மூக்கால தூக்கி வீசும். குழந்தைகளோட நீந்தும். 13 வயசுச் சிறுமி ஒருத்தியை முதுகுல கூட ஏத்திக்கிச்சு.

செய்தி பரவுச்சு. அந்தக் கோடை விடுமுறையில் ஆயிரக்கணக்கான பேர் கார் கட்டிட்டு அந்தச் சின்ன ஊருக்கு வந்தாங்க. பெரும்பாலானவங்க அன்போடதான் வந்தாங்க. ஆனா கூட்டம்னா கூட்டம்தான். பிடிச்சு இழுக்கிறவங்க, தண்ணியை விட்டுத் தூக்கப் பார்க்கிறவங்கன்னு எல்லாரும் இருப்பாங்க. ஊர்க்காரங்க பயந்து பாதுகாப்புக் குழு அமைச்சு, சட்டம் கேட்டாங்க.

சட்டமும் வந்துச்சு. 1956 மார்ச் 8. அடுத்த நாளே ஓபோ பாறை இடுக்கில் செத்துக் கிடந்தது. வெடி வைத்து மீன் பிடிச்சவங்களால் இருக்கலாம்னு சந்தேகம். கடைசி வரை நிரூபணம் ஆகலை. ஊர்ப் பொது மண்டபத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு மனுஷருக்குச் செய்யுற மாதிரி மரியாதையோட அடக்கம் செஞ்சாங்க.

மூணாவது கதையில் ஒரு டால்பின் இல்லை, ஒரு கூட்டமே இருக்கு.

அதே வடக்குப் பகுதி, கிழக்குக் கரை, பே ஆஃப் ஐலண்ட்ஸ். டால்பின் பார்க்க, அதோட நீந்தன்னே படகுச் சுற்றுலா பெரிய தொழிலா வளர்ந்த இடம். இது சட்டம் இல்லாத ஊர் இல்லை. 1978-லேயே கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. 1992 விதிகள்படி, 300 மீட்டருக்குள் ஒரே நேரத்தில் மூணு படகுக்கு மேல் கூடாது, குட்டி இருக்கும் கூட்டத்தோடு நீந்தக்கூடாது.

அப்படி இருந்தும் என்ன ஆச்சு? 1999-ல் இருந்து 20 வருஷத்துக்குள் அங்கே வரும் பாட்டில்மூக்கு டால்பின்கள் 66 சதவீதம் குறைஞ்சுடுச்சு. அடிக்கடி வருவது வெறும் 19 என்ற நிலை. பிறந்த குட்டிகளில் 75 சதவீதம் பிழைக்கலை. சில டால்பின்கள் வேற இடம் தேடிப் போயிருக்கலாம். ஆனா குட்டிகள் சாகுறதுக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

யாரும் சுடலை, வலை வீசலை. எல்லாரும் பார்க்கத்தான் வந்தாங்க. அப்புறம் ஏன்?

இந்த இடத்துல டாக்டரா கொஞ்சம் பேசுறேன்.

பிரசவ வார்டுல பார்வையாளர் நேரத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போனா தாய்க்குச் சந்தோஷம். காலையில இருந்து நாப்பது பேர் மாத்தி மாத்தி வந்தா அவங்க தூங்க முடியாது, பால் கொடுக்க முடியாது. வந்த நாப்பது பேருமே நல்லவங்கதான்.

டால்பினும் நம்மளை மாதிரி பாலூட்டிதான். ஒரு வருஷம் கர்ப்பம், ஒரே குட்டி, அடுத்த குட்டிக்குச் சில வருஷம் ஆகும். குட்டி தண்ணிக்குள்ளேயே சில விநாடி பால் குடிக்கும், மேலே வந்து மூச்சு விடும், மறுபடி குடிக்கும். தூக்கமும் மூளையில் பாதி தூங்க, பாதி விழிச்சிருக்கும் தூக்கம். படகு வந்தா முதல்ல போறது ஓய்வு. அப்புறம் பால், இரை. ஒரு படகால் ஒண்ணும் ஆகாது. மருந்து மாதிரி, டோஸ்தான் பிரச்சினை.

2019-ல் அங்கே டால்பினோடு நீந்துறதை நிறுத்தினாங்க. 2021-ல் சரணாலயமாக்கி, படகுகள் 300 மீட்டர் தள்ளியே இருக்கணும்னு விதி போட்டாங்க.

அப்போ நாம போகவே கூடாதா? போங்க. நம்ம நாட்டிலேயே ஒடிசாவின் சிலிகா ஏரியில், சாத்தபாடாவில் இருந்து படகு போகுது. அங்கே இருக்கும் ஐராவதி டால்பின் நம்ம வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர்.

ஏறுறதுக்கு முன்னாடி படகுக்காரர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க:

டால்பின் தெரிஞ்சா வேகம் குறைச்சு, தள்ளி நிப்பீங்களா?

ஏற்கனவே ரெண்டு மூணு படகு சூழ்ந்து நின்னா விலகிடுவீங்களா?

குட்டி இருந்தா திரும்பிடுவீங்களா?

"கிட்டக்க போய்க் காட்டுறேன் சார், துரத்திப் பிடிச்சிடலாம்"னு சொன்னா அந்தப் படகு வேண்டாம். இன்னொண்ணு, "இன்னும் கிட்டப் போங்கண்ணே, நூறு ரூபா சேர்த்துத் தர்றேன்"னு கேக்கறது பெரும்பாலும் நாமதான். அதை நாம நிறுத்தினா பாதிப் பிரச்சினை தீரும்.

மகள்கிட்ட இந்த மூணு கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்போ நாம தூரமா நிக்கலாம்ப்பா, அதுக்குப் புடிச்சா அதுவே வரும்ல?"ன்னா. வரலாம், வராமலும் போகலாம்னு சொல்லி வச்சிருக்கேன். பைனாகுலர் ஒண்ணு வாங்கணும்.