நீர் நுழையும் இடமும் நீர் தேங்கும் இடமும்

சிந்தாதிரிப்பேட்டை என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது மீன் சந்தை. கடலுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு அதனினும் பழையது. 1734-ஆம் ஆண்டு, ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் ஆறு வளைந்தோடும் இந்நிலத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த இடத்தில், நெசவாளரையும் நூல் நூற்போரையும் துணிக்கு வண்ணம் தீட்டுவோரையும் குடியமர்த்திக் கிழக்கிந்தியக் கம்பெனி இவ்வூரை அமைத்தது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே நாளடைவில் மருவிற்று என்பர். இங்கு நெய்த துணி கப்பலேறுவதற்காகவே நெய்யப்பட்டது.

அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்ந்த நீரில் நங்கூரமிட்டு நிற்கும். பொதிகளும் பயணிகளும் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்து அக்கப்பல்களை அடைய வேண்டும். அப்படகுகள் ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை. தையல் உள்ள படகில் கசிவும் உண்டு. ஆகவே துடுப்புப் போடுவோருடன் நீர் இறைப்பதற்கென ஓர் ஆளும் அதில் இருப்பான். ஒரு பொதி நனைந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு கெட்டது. மரக்கலத்தின் ஓட்டையைத் தேடும் கலை கடலோடிகளுக்கு மட்டும் உரிய கவலையாக இருக்கவில்லை. தறியில் அமர்ந்தவனின் சோறும் அதில் அடங்கியிருந்தது.

தைத்த கலங்கள்

நூஹ் (அலை) அவர்களின் மரக்கலத்தைப் பற்றி ஸூரத்துல் கமர் கூறும்போது, பலகைகளையும் ‘துஸுர்’ என்பதையும் கொண்டு அது அமைந்ததாகக் குறிப்பிடுகிறது. துஸுர் என்பதற்கு ஆணிகள் என்றே விரிவுரையாளர் பெரும்பாலோர் பொருள் கொண்டனர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன. அரபுக் கடலிலும் நம் கடலிலும் பல நூற்றாண்டுகள் ஓடியவை இத்தகைய தைத்த கலங்களே.

1183-இல் செங்கடல் கடந்து ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு ஜுபைர், அங்குள்ள கலங்கள் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டு எண்ணெய் பூசப்பட்டிருந்ததை விவரிக்கிறார். ஹுர்முஸில் இத்தகைய கலங்களைக் கண்ட மார்கோ போலோ, அவை உறுதியற்றவை என்று இகழ்ந்தார். 14-ஆம் நூற்றாண்டில் நம் மஅபர் கரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதாவின் கருத்து வேறு. பாறை மிகுந்த கடலில் ஆணி அடித்த கலம் மோதினால் உடைந்துவிடும், தைத்த கலமோ வளைந்து கொடுத்துத் தப்பும் என்று அவர் காரணம் கூறுகிறார். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. வளையும் தன்மைக்குக் கொடுத்த விலையே கசிவு.

இரு பலகைகளின் விளிம்புகளை ஒட்டவைத்து, இருபுறமும் துளையிட்டு, பொருத்துவாயின் மீது நாரையோ வைக்கோலையோ திணித்து, அதன் மேல் கயிற்றை இழுத்துக் கட்டுவர். ஒவ்வொரு துளையும் நீர் புகக்கூடிய வாயில். கயிறு துளைக்குள் மறைந்திருக்கும் இடத்தில்தான் முதலில் தேயும். கண்ணுக்குத் தெரியும் பகுதி அப்போதும் உறுதியாகவே காணப்படும். ஆகையால் பழுது கண்ட பிறகு தைப்பதைவிட, பழுது காணுமுன் அவிழ்த்துப் புதிதாகத் தைப்பதே அறிவுடைமை எனக் கருதினர்.

ஆணி அடித்த கலங்களில் பலகை இடைவெளிகளில் பஞ்சையும் நாரையும் அடித்துச் செருகி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பூச்சை இடுவர். இவ்வேலைக்குத் தமிழில் கலப்பத்து என்று பெயர். ‘கல்ஃபத்’ என்னும் அரபுச் சொல்லுக்கும் ‘கலஃபாத்தெ’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லுக்கும் இது உறவு. துறைமுகங்கள்தோறும் தொழிலோடு சொல்லும் பயணம் செய்திருக்கிறது.

ஓட்டையைத் தேடும் முறை

பழைய மரக்கலத்தில் கசிவைக் கண்டறிவது கடினம் என்பதற்குக் காரணம் எளியது. நீர் நுழையும் இடம் ஒன்று. தேங்கும் இடம் வேறு. முன்புறத்தில் மேலே ஒரு துளையில் புகுந்த நீர், பலகையின் உட்புறமாக வழிந்து, விலா மரங்களைச் சுற்றி, அடிமரத்தை ஒட்டிப் பின்புறத்தில் வந்து நிற்கும். நின்ற இடத்தைப் பார்த்து அங்கேயே பூசுபவன், நல்ல பலகையைக் கெடுத்துவிட்டு ஓட்டையை அப்படியே விட்டுவிடுகிறான்.

ஆகவே தேடுபவன் முதலில் வினாக்களை எழுப்ப வேண்டும். நீர் உப்பா, நன்னீரா? நன்னீரானால் அது மழை. மேல்தளத்தையோ குடிநீர்த் தொட்டியையோ பார்க்க வேண்டும். உப்பானால், கலம் நங்கூரத்தில் நிற்கும்போதும் ஏறுகிறதா, பாய் விரித்து ஓடும்போது மட்டுமா? ஒரு பக்கம் சாயும்போது மட்டும் ஏறினால், பழுது அப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கக்கூடும். எப்பக்கம் சாய்ந்தாலும் காற்று வலுக்கும்போதெல்லாம் ஏறினால், பாய்மரத்தின் அழுத்தத்தால் அடிமரத்தை ஒட்டிய முதற்பலகையின் பொருத்து திறக்கிறதோ என ஐயுற வேண்டும். நெடுநாள் கரையில் கிடந்த கலமானால் வெயிலில் பலகைகள் சுருங்கியிருக்கும். நீரில் ஊறினால் சில நாளில் அவையே பருத்து வாய்களை மூடிக்கொள்ளும்.

இவ்வளவும் கேட்ட பின்னரே கை வைக்க வேண்டும். உட்புறத்தை முற்றும் இறைத்துத் துடைத்து உலர்த்தி, சுண்ணப்பொடி தூவிக் காத்திருந்தால், நீர் முதலில் வரும் வழி கோடாகத் தெரியும். கரையேற்றிய கலமானால் உள்ளே நீர் ஊற்றி, வெளியே எங்கு துளிர்க்கிறது எனப் பார்ப்பதும் உண்டு. இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே கருவி பொறுமை.

அளவும் அச்சமும்

1770 ஜூன் 11 இரவு, ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியக் கரையருகே பவளப்பாறையில் ஏறியது. மாலுமிகள் இடைவிடாது நீர் இறைத்தனர். இதற்கிடையே, உட்புற நீரின் ஆழத்தை அளந்து வந்தவனுக்குப் பதிலாக வேறொருவன் வந்தான். முன்னவன் உட்பலகையிலிருந்து அளந்தான்; பின்னவன் வெளிப்பலகையிலிருந்து அளந்தான். சுமார் 16 அங்குல வேறுபாடு. நீர் திடீரெனப் பெருகிவிட்டதென்று அனைவரும் நடுங்கினர். பிழை அளவில் என்று தெரிந்ததும் அச்சம் நீங்கி, முன்னினும் ஊக்கத்துடன் இறைத்தனர். பின்னர் நாரும் கம்பளியும் பொதிந்த பாயைக் கப்பலின் அடியில் இழுத்துக் கட்ட, கசிவு தணிந்தது. கரையேற்றிப் பார்த்தபோது, பவளப்பாறையின் ஒரு துண்டே உடைந்து ஓட்டைக்குள் சிக்கி, அதைப் பெரிதும் அடைத்திருந்தது தெரியவந்தது. எது கப்பலைத் துளைத்ததோ அதனைக் கொண்டே அல்லாஹ் அதைக் காத்தான் என்று நாம் சொல்லுவோம்.

நம் கரையில் வழங்கும் ஒரு மரபும் இங்கே நினைவுகூரத்தக்கது. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் சவரம் செய்துகொண்டிருந்த வேளையில், தொலைவில் ஒரு கப்பல் ஓட்டையால் மூழ்குவதை உணர்ந்து, அருகிலிருந்த கண்ணாடியை வீச, அது சென்று ஓட்டையை அடைத்ததாகக் கூறுவர். அது டச்சுக் கப்பல் என்று சொல்வாரும் உளர். ஆண்டகையின் காலம் 16-ஆம் நூற்றாண்டு. டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது 1658-இல். எனவே கதை வாய்வழியாக வளர்ந்தது என்பது தெளிவு. ஆயினும் வரலாற்றுக்கு அது ஒரு சான்று தருகிறது: கடலோடும் மக்கள் நள்ளிரவில் அஞ்சிய அச்சம் எது என்பதை. கடல் கடந்து சிங்கப்பூர் சேர்ந்த நம்மவர், அந்நாளில் கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் தெருவில், 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் பெயரால் ஒரு நினைவிடம் எழுப்பியதும் அந்த அச்சத்தையும் நன்றியையும் காட்டுகிறது.

கீழ்த்தளத்தார் கேட்டது

நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்க, ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் கப்பல் உவமை நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டதுதான். சீட்டுக் குலுக்கி இடம் பெற்றவர்களில் சிலர் மேல்தளத்தில், சிலர் கீழ்த்தளத்தில். கீழிருப்போர் தண்ணீருக்காக மேலே சென்று வர வேண்டியிருந்தது. மேலிருப்போருக்குத் தொல்லை தராமல் நம் பகுதியிலேயே ஒரு துளை இட்டுக்கொள்ளலாமே என அவர்கள் எண்ணினர். அவர்களை விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கைகளைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

தடுக்க வேண்டிய கடமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். கலப்பத்துக்காரனின் கண்ணோடு இவ்வுவமையைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. துளை விழவிருந்த இடம் கீழ்த்தளம். ஆனால் அதற்கான தேவை தொடங்கியது தண்ணீர் மேலே மட்டும் கிடைத்ததில். கோடரியைப் பிடித்த கையைத் தடுப்பது முதற்கடமை. அந்தக் கைக்குத் தண்ணீர் சேர்ப்பது அதோடு ஒட்டிய கடமை. இரண்டாவதைச் செய்யாவிடில் முதலாவதை நாள்தோறும் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நம் மஹல்லாக்களில் ஓர் இளைஞன் வட்டிக் கடனில் விழுந்தால், ஒரு குடும்பம் முறிந்தால், ஒரு பிள்ளை படிப்பை விட்டால், நீர் தேங்கிய இடத்தையே சுட்டிக்காட்டி வைதுவிட்டுப் போகிறோம். அது எங்கே நுழைந்தது? எப்போது ஏறுகிறது, எப்போது நிற்கிறது? மேல்தளத்தில் இருக்கும் நாம் எதை எட்டாமல் வைத்திருக்கிறோம்? இவற்றைக் கேட்கும் பொறுமை பழைய மாலுமிக்கு இருந்தது. ஏனெனில் அவனும் அதே கலத்தில் இருந்தான்.

குறை காணுமுன் காரணம் தேடும் பார்வையையும், தேடியதைச் செப்பனிடும் ஆற்றலையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.