பல்லவனேச்சரத்துச் செங்கற்கள்

திருநின்றவூரிலிருந்து கிளம்பி, ரயிலில் மயிலாடுதுறை போய், பூம்புகார் பேருந்து பிடித்து மேலையூரில் இறங்கினோம். எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் பதினொரு பேர்.

பல்லவனேச்சரம் கோயிலுக்கு அருகே, பிக்குகள் தங்கிய விகாரையின் செங்கல் அடித்தளங்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. வரிசையாகச் சிறு அறைகள். மத்தியத் தொல்லியல் துறை 1960களில் தோண்டி எடுத்தது. காலம் கி.பி. 4-5ஆம் நூற்றாண்டு. சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் இங்கே கிடைத்தது. அன்று எங்களைத் தவிர அங்கே யாருமில்லை.

"இது நம்ம இடமாக்கா?" என்று கேட்டான், கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தம்பி ஒருவன்.

அயோத்திதாசப் பண்டிதர் 'ஆம்' என்றிருப்பார். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ஒடுக்கப்பட்டோர் பூர்வ பௌத்தர்களே என்று நூல்களையும் சொற்களையும் பண்டிகைகளையும் ஆதாரமாக வைத்து வாதாடினார். 1914இல் மறைந்தார். இந்தச் செங்கற்கள் வெளியே வர அதன்பின் அரை நூற்றாண்டு ஆனது.

இவை நம் பரம்பரையை நிரூபித்துவிடவில்லை. அதை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். ஆனால் தமிழ் மண்ணில் பௌத்தம் வாழ்ந்தது என்பதற்கு இவை சாட்சி. உறையூர்க்காரரான புத்ததத்தர், காவிரிப்பூம்பட்டினத்து விகாரை ஒன்றில் தங்கித்தான் பாலி மொழியில் நூல் எழுதினார்.

தம்பிக்கு நாங்கள் சொன்ன பதில்: சங்கத்தில் சேரப் பிறப்பு தடையில்லை என்ற மார்க்கத்தின் இடம் இது. படிப்பு மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். நோட்டோடு வந்து உட்கார நமக்கு வேறு பட்டா வேண்டாம்.

நீங்களும் போய் வாருங்கள் தோழர்களே. ஜெய் பீம்!